கீழாலயோ, மேலாலயோ

"கீழால போறியோ, மேலால போறியோ?" என்று அம்மா கேட்டபோது எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் குசினி மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இரண்டு பக்கங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று ஃபோக்ஸ்டனிலிருந்து கலேக்குச் சுரங்க ரயில். மற்றது டோவரிலிருந்து கலேக்குக் கப்பல். அம்மா தேத்தண்ணியோடு வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி அது. கடலுக்குக் கீழாலயோ, கடலுக்கு மேலாலயோ.

"கீழாலதான் அம்மா. மழை எண்டால் கப்பல் இரும்பெல்லாம் வழுக்கும். எனக்குக் கால் எட்டாது."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் பதிலில் பொய் இல்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

முப்பத்தாறு வயதில்தான் மோட்டர்சைக்கிள் பழகினேன். தியறி, மொட்யூல் ஒன்று, மொட்யூல் இரண்டு என்று ஒவ்வொன்றாகத் தாண்டி (மொட்யூல் ஒன்றில் இரண்டு தரம் விழுந்து), பழைய ஹொண்டா சிபி500எக்ஸ் ஒன்றை வாங்கினேன். ஏறக்குறைய 200 கிலோ. நான் ஐந்தடி இரண்டங்குலம். நிறுத்தும்போது இரண்டு காலும் ஒன்றாக நிலத்தில் படாது. ஒரு பக்கம் சரிந்து ஒரு காலை ஊன்றுவேன். இரண்டு வருடம் கென்ட், சசெக்ஸ், வேல்ஸ் என்று ஓடிய பிறகு, 2023 ஜூனில் முதல் தடவையாக வெளிநாடு போவது என்று முடிவெடுத்தேன். பெரிய வெளிநாடு ஒன்றுமில்லை. பாரிஸ் புறநகரில் இருக்கும் சின்னம்மா வீடு. கலேயிலிருந்து 300 கிலோமீற்றருக்குள்.

லண்டனில் இருந்து மோட்டர்சைக்கிளில் முதன்முதலாகக் கடல் கடக்கிற எல்லோரும் இந்தக் கேள்வியில் ஒரு வாரமாவது நிற்பார்கள். நானும் நின்றேன். என் குறிப்புப் புத்தகத்தில் நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினேன்.

சுரங்கம்: 35 நிமிடம். எம்20 வீதியின் 11ஏ வெளியேற்றத்தில் இறங்கினால் நேரே வாசல். காலநிலை பொருட்டில்லை. மோட்டர்சைக்கிளைக் கட்டத் தேவையில்லை, கியரில் போட்டுப் பக்கத் தாங்கியில் நிறுத்தி அருகிலேயே நிற்கலாம். இறங்கியவுடன் ஏ16 நெடுஞ்சாலை. வலப்பக்கம் ஓடிப் பழகாதவருக்கு இது பெரிய நிம்மதி. முதல் நிமிடத்திலேயே ரவுண்டபவுட்டில் தடுமாறாமல், எல்லோரும் ஒரே திசையில் போகிற வீதியில் மூச்சை ஆற்றிக்கொள்ளலாம்.

கப்பல்: டோவரிலிருந்து ஒன்றரை மணித்தியாலம். பெரும்பாலும் மலிவு. சாப்பிடலாம், கழிவறைக்குப் போகலாம், கால் நீட்டலாம். நீண்ட ஓட்டத்துக்கு முன் ஓய்வு கிடைக்கும். ஆனால் ஏறுகிற சாய்தளம் இரும்பு. கீழ்த்தளமும் இரும்பு, பெயின்ற் அடித்தது, எண்ணெயும் மழைத்தண்ணியும் கலந்தது. மோட்டர்சைக்கிளைப் பட்டியால் இறுக்கிக் கட்டிவிட்டு மேலே போய்விட வேண்டும். வேறு கப்பல்களும் உண்டு. நியூஹேவனிலிருந்து தியெப் 4 மணித்தியாலம், போர்ட்ஸ்மத்திலிருந்து நோர்மண்டிக்கு 6 மணித்தியாலம். போகிற இடம் மேற்குப் பிரான்ஸ் என்றால் அவைதான் புத்தி. கலேயில் இறங்கி மீண்டும் மேற்கே ஓடினால் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் வீதியில் போய்விடும்.

பட்டியல் தெளிவாகத்தான் இருந்தது. குட்டையான, புதிய, தனியாகப் போகிற ஓட்டுநருக்குச் சுரங்கம். யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் நான் பட்டியல் போடுவதற்கு முதலே முடிவெடுத்துவிட்டேன். பட்டியல் பிறகு வந்தது.

நான் கடலில் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். 1990 ஓகஸ்ட். எனக்கு ஆறு வயது.

*

பேசாலையில் அம்மம்மா வீட்டிலிருந்து கடற்கரைக்குப் பத்து நிமிடம். அப்பாவிடம் ஒரு ஹொண்டா 90 இருந்தது. பெற்றோல் டாங்கில் நான் உட்கார, பின்னால் அம்மா உட்கார, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அதில்தான் போவோம். அந்த ஓகஸ்ட் இரவு அதை அப்பா உருட்டிக்கொண்டு போய் ஓட்டியின் வீட்டு வேலியோடு சாத்தினார். காசு இல்லை. மூன்று பேருக்கான கூலி அந்த மோட்டர்சைக்கிள். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம், அப்பா திரும்பி வரும்போது கையில் திறப்பு இல்லாமல் விரல்களை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார் என்பார்.

அம்மாவுக்கு அந்தக் கடல் புதிதல்ல. குமர்ப்பிள்ளையாக இருந்தபோது தலைமன்னாரில் டிக்கெட் எடுத்து, கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, வேளாங்கண்ணிக்குப் போய் வந்தவர். அந்தக் கப்பல் எண்பதுகளின் நடுவில் நின்றுபோனது. அதே தண்ணீரை 1990இல் இருபது பேரோடு ஒரு வள்ளத்தில், விளக்கில்லாமல் கடந்தோம். தனுஷ்கோடிக்கு முன்னால் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டு ஓட்டி திரும்பிவிட்டார். விடியும்வரை திட்டில் நின்றோம். காலையில் இராமேஸ்வரத்து மீனவர்கள் ஏற்றிப்போனார்கள். பிறகு மண்டபம் முகாம்.

இவ்வளவும் எனக்குக் கதையாகத்தான் தெரியும். என் சொந்த ஞாபகம் என்று இருப்பது மிகக் கொஞ்சம். இருட்டு. டீசல் மணம். ஈரம். மூச்சு முட்டுகிற ஓர் உணர்வு. இதையெல்லாம் சேர்த்து நான் கடல் என்று பெயர் வைத்திருந்தேன். லண்டனில் வளர்ந்து, பிரைட்டனுக்குப் பள்ளிச் சுற்றுலா போனபோதுகூட முழங்காலுக்கு மேல் தண்ணீருக்குள் போனதில்லை. எனக்குக் கடல் பயம் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

அப்பா லண்டனில் பெற்றோல் செட்டிலும் மினிகாப்பிலும் வேலை செய்தார். மறுபடி மோட்டர்சைக்கிள் வாங்கவில்லை. 2019இல் அவர் போன பிறகுதான் நான் பழகப் போனேன். முதல்நாள் ஹொண்டாவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அந்த மனுசன் ஒண்டைக் குடுத்துத்தான் எங்கட உயிரைக் காப்பாத்தினது. நீ காசு குடுத்துச் சாவை வாங்கி வாறாய்" என்று கதவைச் சாத்தினார். பிறகு ஒரு மாதம் கழித்து, கேட்காமலே, மடுமாதா படம் ஒன்றை என் டாங்க் பையில் வைத்துத் தைத்துவிட்டிருந்தார்.

*

வெளிக்கிட முதல் செய்யவேண்டிய வேலைகள் இருந்தன. பழைய ஜிபி ஒட்டி 2021 செப்டெம்பரிலிருந்து செல்லாது, யூகே என்று புதியது ஒட்ட வேண்டும். பிரான்ஸில் சீஈ முத்திரையுள்ள கையுறை போடாமல் ஓடினால் தண்டம். எல்லோருக்கும் தெரியும் மஞ்சள் மேலங்கி ஒன்று கையோடு இருக்க வேண்டும். பாரிஸ் நகருக்குள் போவதென்றால் புகை அளவைக் காட்டும் கிறிற்-எயார் ஒட்டி. அதைத் தபாலில் எடுக்க வேண்டும், ஆகவே முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பிறெக்சிற்றுக்குப் பிறகு கடவுச்சீட்டு பத்து வருடத்துக்குள் எடுத்ததாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். வண்டிப் புத்தகம், காப்புறுதி, மருத்துவ அட்டை. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சுப் பையில் வைத்தபோது, 1990இல் அம்மா பிறப்பத்தாட்சிப் பத்திரங்களை ஷொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. அதுவும் சொல்லக் கேட்டதுதான்.

ஃபோக்ஸ்டன் வாசலில் கமரா என் இலக்கத்தகட்டை வாசித்து, திரையில் என் பெயரைக் காட்டியது. பிரிட்டிஷ் சோதனையும் பிரெஞ்சுச் சோதனையும் இங்கிலாந்து மண்ணிலேயே அடுத்தடுத்து நடக்கின்றன. பிரெஞ்சு அதிகாரி ஹெல்மெற்றைக் கழற்றச் சொல்லி, முகத்தைப் பார்த்து, முத்திரை குத்தினார். "தனியாகவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார்.

கார்களை ஏற்றிய பிறகு மோட்டர்சைக்கிள்களை ஒன்றாக விட்டார்கள். நாங்கள் ஏழு பேர். ரயில் என்றாலும் அது நீளமான ஒரு தகரக் கூடம் போலத்தான் இருந்தது. மஞ்சள் வெளிச்சம், சிறிய யன்னல்கள். ஊழியர் காட்டிய இடத்தில் சற்றுச் சரிவாக நிறுத்தி, முதல் கியரில் போட்டு, பக்கத் தாங்கியை இறக்கினேன். ஒன்றும் வழுக்கவில்லை. பட்டியலில் எழுதிய எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள தீத்தடுப்புக் கதவுகள் மூடின.

இந்தச் சுரங்கத்தைப் பற்றி நான் நிறைய வாசித்திருந்தேன். 50 கிலோமீற்றர் நீளம், அதில் கிட்டத்தட்ட 38 கடலுக்கடியில். மிக ஆழமான இடம் கடலடித் தரைக்கும் கீழே 75 மீற்றர். இரண்டு ரயில் குழாய்கள், நடுவில் ஒரு சேவைக் குழாய். அந்தச் சேவைக் குழாயைத்தான் இரண்டு கரையிலிருந்தும் முதலில் தோண்டி வந்து, 1990 டிசெம்பர் 1ஆம் திகதி, கடலுக்கடியில் சுவரை உடைத்து ஆங்கிலேயத் தொழிலாளி ஒருவரும் பிரெஞ்சுத் தொழிலாளி ஒருவரும் கைகுலுக்கினார்கள். நாங்கள் அப்போது மண்டபம் முகாமில் நாலாவது மாதம். தோண்டிய சுண்ணாம்பு மண்ணை டோவருக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் கொட்டி, சம்ஃபயர் ஹோ என்று ஒரு புது நிலமே உண்டாக்கியிருக்கிறார்கள். 1994 மேயில் இங்கிலாந்து ராணியும் பிரான்ஸ் ஜனாதிபதி மித்தரோனும் திறந்து வைத்தார்கள். இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தது எதுவும் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை.

யன்னல் கறுத்தது. காது அடைத்தது. அதற்குப் பிறகு என் வாய்க்கு மேல் ஒரு கை இருந்தது. அப்படித்தான் சொல்ல முடியும். யாரும் என்னைத் தொடவில்லை. ஆனால் ஈரமான, வெங்காய மணமுள்ள ஒரு உள்ளங்கை என் வாயை மூடியிருந்தது. தலைக்கு மேல் கனமாக ஏதோ கிடந்தது. மூச்சு வரவில்லை. ஜக்கெற்றின் சிப்பை இழுத்தேன், ஹெல்மெற் கையிலிருந்து விழுந்து உருண்டது. பக்கத்தில் நின்ற, வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் கேட்காமல், தரையில் இருக்கும்படி சைகை காட்டி, தண்ணீர்ப் போத்தலைத் தந்தார். ஹொண்டாவின் முன்சில்லில் சாய்ந்து இருந்தேன். அவர் தன் மோட்டர்சைக்கிளைப் பற்றி, அதன் சங்கிலியைப் பற்றி, ஒரு பிரசங்கம் போலப் பேசிக்கொண்டே இருந்தார். வெளிச்சம் வரும்வரை நிறுத்தவில்லை. அவருக்கு நான் நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகமில்லை.

கலேயில் வெளியே வந்தபோது கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னால் போயிருந்தது. ஏ16இல் வலப்பக்கமாக, லொறிகளுக்குப் பின்னால், எண்பதில் ஓடினேன். வலப்பக்கம் ஓடுவது கஷ்டமாக இருக்கும் என்றுதான் மூன்று மாதம் பயந்துகொண்டிருந்தேன். அது ஒன்றுமே இல்லை.

*

சித்தப்பா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டார். "எப்பிடி வந்தனி? டனலோ, ஃபெரியோ?"

"டனல் சித்தப்பா."

"எவ்வளவு நேரம்?"

"முப்பத்தஞ்சு நிமிஷம்."

அவர் சிரித்தார். "நான் ரெண்டு வருஷம் பாத்தனான்."

சித்தப்பா 2000ஆம் ஆண்டளவில் லண்டனுக்கு வரத்தான் வெளிக்கிட்டவர். அப்போது சுரங்க வாசலுக்குக் கிட்ட, சங்காத் என்ற ஊரில், சுரங்கம் கட்டியபோது பாவித்த பெரிய கொட்டகையில் செஞ்சிலுவைச் சங்கம் முகாம் நடத்தியது. 1999இலிருந்து 2002வரை இருந்தது. அங்கே தங்கி, ராவில் போய் லொறிகளுக்குள் ஏறுவது. பல தடவை நாய் கண்டுபிடித்தது. கடைசித் தடவை படங்குக்குக் கீழே தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் ஆறு மணித்தியாலம் இருந்து, லொறி நின்றதும் வெளியே குதித்து, எதிரில் நின்றவரிடம் தனக்குத் தெரிந்த முழு ஆங்கிலத்திலும் "குட் மோர்னிங் சேர், ஐ ஆம் ரெஃபியூஜி" என்றாராம். அது பெல்ஜியம்.

சின்னம்மா வழமைபோலச் சிரித்தார். நூறு தடவை கேட்ட கதை. நானும் பல தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு ஒரு சொல்லில் நின்றுவிட்டேன்.

"படங்குக்குக் கீழ எப்பிடி இருந்தது சித்தப்பா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அதை ஒருத்தரும் கேக்கிறேல்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இண்டைக்கும் லிஃப்ற்றில ஏற மாட்டன். அஞ்சாம் மாடி எண்டாலும் நடைதான். முழங்கால் நோ எண்டு டொக்டர் ஏசுறார்" என்றார்.

அந்த இரவு அம்மாவுக்கு அழைத்தேன்.

"அம்மா, வள்ளத்தில எங்களைப் படங்கு போட்டு மூடினவையோ?"

நெடுநேரம் சத்தமில்லை.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"நேவி லைற் அடிச்சவன். ஓட்டி எல்லாரையும் படுக்கச் சொல்லிப் படங்கை இழுத்து மூடினான். நீ அழத் துவங்கிட்டாய். நான் வாயைப் பொத்தினனான்." பிறகு, "கனநேரம் பொத்தினனான், பிள்ளை. எடுக்கேக்க நீ ஆடேல்லை. செத்துப்போனாய் எண்டு நினைச்சனான். கொப்பருக்கும் நான் சொல்லேல்லை."

முப்பத்து மூன்று வருடம் அம்மா இதைத் தனியாக வைத்திருந்திருக்கிறார். மணல் திட்டையும், இராமேஸ்வரத்து மீனவர்களையும், அப்பாவின் விரல்களையும் சொன்னவர், இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் கதையைச் சொல்லியிருக்கிறார். நானும் கடலைப் பயமென்று சொல்லிச் சொல்லி, கடலைத் தவிர்த்து, மூடிய பெட்டி ஒன்றுக்குள் காசு கொடுத்துப் போய் நின்றிருக்கிறேன்.

*

திரும்பும் பயணச்சீட்டை மாற்றினேன். சுரங்கத்துக்குக் கொடுத்த காசின் ஒரு பகுதி போனது. பரவாயில்லை.

கலேத் துறைமுகத்துக்குப் போகும் வீதியின் இரு பக்கமும் உயர்ந்த வேலி, முள்ளுக்கம்பிச் சுருள். அந்தப் பக்கம் மர நிழலில் நாலைந்து பொடியங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்தார்கள். அதற்கு முந்தின வருடம், 2022இல், 45,000க்கும் மேற்பட்டோர் சிறிய காற்றுப் படகுகளில் இந்தக் கால்வாயைக் கடந்திருந்தார்கள். 2021 நவம்பரில் ஒரே படகில் குறைந்தது 27 பேர் இறந்தார்கள். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். டோவரிலிருந்து பிரான்ஸ் கரைக்கு மிக ஒடுங்கிய இடத்தில் 33. இரண்டு கடலுக்கும் அகலம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எதால் போவது என்று கோடு போட்டுப் பட்டியல் எழுதுகிற இடத்துக்கு நான் வந்துவிட்டேன் என்பதைத் தவிர, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் எனக்கும் வேறு வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை.

காலையில் தூறியிருந்தது. இரும்புச் சாய்தளத்தில் ஏறும்போது பின்சில்லு ஒரு தடவை வழுக்கியது. பயந்தது போலவே. பிறேக்கைத் தொடாமல், கிளச்சைக் கொஞ்சம் விட்டு, பார்வையைத் தூர வைத்து ஏறினேன். மொட்யூல் ஒன்றில் சொல்லித் தந்ததுதான். உள்ளே ஊழியர் ஒருவர் இருக்கைக்குக் குறுக்கே பட்டியைப் போட்டு இறுக்கினார். கீறல் விழாமல் இருக்க ஒரு துணியை மடித்து வைத்தார். கியரில் விட்டு, திறப்பை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

மேல்தளத்தில் காற்று. ஒன்றரை மணித்தியாலமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியேதான் நின்றேன். கப்பல் ஆடியது. வயிறு பிரட்டியது, இஞ்சி இனிப்பு இரண்டு சாப்பிட்டேன். தண்ணீர் சாம்பல் பச்சையாக, பெரிதாக இருந்தது. பயம் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் வந்தது, ஆனால் மூச்சு நிற்கவில்லை. மேலே வானம் இருந்தது.

யாராவது என்னிடம் முதல் பயணத்துக்கு எதால் போவது என்று கேட்டால் இப்போதும் அதே பட்டியலைத்தான் சொல்வேன். அவசரமென்றால், மழையென்றால், கால் எட்டாதென்றால் சுரங்கம். நேரமிருந்தால் கப்பல். முடிந்தால் போக ஒன்று, வர ஒன்று. அதற்கு மேல், உங்களுக்கு எதில் பயம் என்று நினைக்கிறீர்களோ அதுதானா அது என்று வீட்டில் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கும் சொல்ல ஒன்று இருக்கலாம்.

டோவரின் வெள்ளைப் பாறைகள் தெரியத் தொடங்கியதும் தொலைபேசிக்குச் சமிக்ஞை வந்தது. அம்மாவை வீடியோவில் அழைத்தேன்.

"எங்க நிக்கிறாய்?"

"கப்பல்ல அம்மா. மேலால வாறன்."

"தண்ணியைக் காட்டு."

காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து முகத்தைத் திரைக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"மோட்டர்சைக்கிளை எங்க? அவங்களிட்டயே குடுத்தனி?"

"கீழ கட்டி வைச்சிருக்கிறாங்கள்."

"இறங்கேக்க தருவாங்களோ?"

"தருவாங்கள் அம்மா. திறப்பு என்னட்டத்தான் இருக்கு."

எடுத்துக் காட்டினேன்.